சைலன்சர் யாருடைய சொத்து?

பத்து வருடம் ஓடிய பிக்கப் வண்டி. சைலன்சர் துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. கம்பெனி போட்டது மாதிரியே ஒன்றை மாட்டுவதா, எட்டு சிலிண்டர் எஞ்சின் நெஞ்சு அதிர முழங்கும்படி பெரிய குழாயாகப் போட்டுவிடுவதா? அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் பலருக்கும் இந்தக் கேள்வி வந்து போகும். விலை, பவர், மைலேஜ் என்று கணக்குப் பார்த்து முடிவெடுப்பார்கள். இதில் ஓர் அறக் கேள்வி இருக்கிறது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இருக்கிறது. வண்டியின் சீட்டும் ஏசியும் ஸ்டீரியோவும் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்காக உழைப்பவை. சைலன்சர் பெரும்பாலும் வெளியே இருப்பவருக்காக உழைக்கிறது. பிரேக் விளக்கும் அப்படித்தானே என்று கேட்கலாம். பிரேக் விளக்கு எரியாவிட்டால் பின்னால் வருபவர் இடிப்பது நம் வண்டியைத்தான். அதில் நமக்கும் பயன் உண்டு. சைலன்சரின் அமைதியில் பெரும்பங்கு அடுத்த வீட்டுக்காரருக்குப் போகிறது. பணம் கொடுத்து வாங்கியவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். ஆகவே அதைக் கழற்றி எறியும் உரிமை முழுக்க வாங்கியவருக்கு மட்டும் உண்டா என்பதுதான் கேள்வி.

அமெரிக்கர்கள் இதை மஃப்ளர் என்பார்கள். நமக்கு மஃப்ளர் என்றால் மார்கழிப் பனிக்குக் கழுத்தில் சுற்றும் துணி. இரண்டும் ஒரே சொல்தான்: பொத்தி மூடுகிற பொருள். இந்தியானா மாநிலத்தின் கொலம்பஸ் ஊரைச் சேர்ந்த ரீவ்ஸ் சகோதரர்கள் இதற்குக் காப்புரிமை பெற்றது 1897-இல். சாலையில் கார்களைவிடக் குதிரைகள் பல மடங்கு அதிகமாக இருந்த காலம். எட்டு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது அதற்குள் 8,000 வெடிப்புகள் நடக்கின்றன, நொடிக்கு ஏறத்தாழ 133. ஒவ்வொன்றும் ஓர் அழுத்த அலையாகக் குழாய்க்குள் பாய்கிறது. சைலன்சரின் அறைகளிலும் துளையிட்ட குழாய்களிலும் அந்த அலைகள் மோதித் திரும்பி ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்குகின்றன. அடங்காமல் வெளியேறுவது தாழ்ந்த சுருதி ஒலி. கீச்சென்ற ஒலியைச் சுவர் ஓரளவு தடுக்கும். இந்த உறுமலோ மரச்சட்டத்தில் கட்டிய அமெரிக்க வீட்டுச் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

மாற்றச் சொல்பவர்களின் முதல் வாதம் பவர். புகை தடையின்றி வெளியேறினால் எஞ்சின் நன்றாக மூச்சு விடும் என்பார்கள். பொய்யில்லை. ஆனால் இன்றைய வண்டிகளில் கம்பெனிக் குழாயே பெரிய தடையாக இருப்பதில்லை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் பின்னாலுள்ள பகுதியை மட்டும் மாற்றுவதால் கிடைப்பது சொற்பம். வண்டி பறப்பதாகத் தோன்றுவதில் பாதி காது செய்யும் வேலை. கார் கம்பெனிகளுக்கு இது தெரியும். 2010-களின் தொடக்கத்தில் வந்த பிஎம்டபிள்யூ எம்5 காரில் எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாக உள்ளே ஒலிக்கவிட்டார்கள். காதுக்குக் கிடைக்கும் இன்பம்தான் தேவை என்றால் இதிலேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, போலி என்று ரசிகர்கள் கொதித்தார்கள். உண்மையான ஒலிதான் வேண்டும் என்ற ஆசை நியாயமானது, அதை மதிக்கிறேன். ஆனால் உண்மையான ஒலி வண்டிக்கு வெளியேதான் பிறக்கிறது. ஓட்டுநர் தனியாகக் கேட்டு ரசிக்க வழியில்லை. தெருவே அவருக்குக் கச்சேரி மேடை, கேட்பவர்கள் டிக்கெட் வாங்காமல் பிடித்து உட்கார வைக்கப்பட்டவர்கள்.

சத்தத்தைப் பற்றிய இந்த வழக்கு பழையது. 1851-இல் வெளியான, ஜெர்மன் தத்துவவாதி ஷோபன்ஹவரின் நூலில் இரைச்சலைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. குறுகிய தெருக்களில் வண்டிக்காரர்கள் சாட்டையைச் சொடுக்கும் ஓசைதான் அவருடைய பரம எதிரி. அந்தச் சொடுக்கு பழகிப்போன குதிரை அதற்காக வேகமாக நடப்பதுகூட இல்லை என்று அவர் கவனித்திருந்தார். பவர் வாதத்துக்கு அது அப்போதே வந்த பதில். ஆனால் அதே கட்டுரையில் உழைப்பாளிகள் மீதான இளக்காரமும் வெளிப்படையாக இருக்கிறது. இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது: பிக்கப் உழைப்பவனின் வண்டி, அதன் சத்தத்தைக் குறை சொல்வது மேட்டுக்குடி மனப்பான்மை இல்லையா? இல்லை என்றே நினைக்கிறேன். வசதியுள்ளவர் வீடு சாலையிலிருந்து தள்ளி, மரங்களுக்கு நடுவே இருக்கும். இரவுப் பணி முடித்துப் பகலில் தூங்கும் நர்ஸின் வீடு தெருவை ஒட்டியிருக்கும். உறுமல் முதலில் போய்ச் சேருவது இன்னொரு உழைப்பாளியின் படுக்கைக்குத்தான். கோயில் மேளமும் தேவாலய மணியும் சத்தம்தானே என்றும் கேட்பார்கள். அவற்றுக்கு நேரம் உண்டு, ஊருக்கு அதில் பங்கும் உண்டு. ஒலி எல்லை மீறினால் அவற்றையும் கேள்வி கேட்கத்தான் வேண்டும். சட்டமோ குறைந்தபட்ச ஒழுங்கை மட்டுமே கேட்கிறது. கலிஃபோர்னியாவில் 6,000 பவுண்டுக்குக் குறைந்த வகை வண்டிகளுக்கு 95 டெசிபல் வரை அனுமதி. தண்டனை கிடைக்காது என்பதால் அடுத்தவருக்கு வலிக்காது என்றாகிவிடுமா?

என் சொத்து, என் சுதந்திரம் என்பது கடைசி வாதம். 1859-இல் ஆங்கிலேயத் தத்துவவாதி மில் வகுத்த எல்லையே இதற்குப் போதும்: பிறருக்குத் தீங்கு தொடங்கும் இடத்தில் சுதந்திரம் நின்றுவிடுகிறது. தூக்கம் கெடுவது தீங்கா, வெறும் எரிச்சலா என்று வாதாடலாம். ஒருநாள் கெட்டால் எரிச்சல்தான், தினமும் கெட்டால்? இதற்குத் தத்துவவாதிகளைவிட ஃபோர்டு எஞ்சினியர்கள் தெளிவாகப் பதில் சொல்லிவிட்டார்கள். 2018 மஸ்டாங் காரில் ‘குட் நெய்பர் மோட்’ என்றே ஒரு வசதி வைத்தார்கள். நாம் குறித்து வைக்கும் நேரங்களில் எக்ஸாஸ்ட் அடக்கி வாசிக்கும். 2021 ராப்டர் பிக்கப்பிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. கையில் காசும் ஆசையும் இருப்பவர் அந்த மாதிரி வால்வுள்ளதைப் போடட்டும்; இல்லாதவர் துருப்பிடிக்காத ஸ்டீலில், பழைய சத்த அளவிலேயே ஒன்றை மாட்டட்டும். கடையில் ஒலியைக் கேட்டுப் பார்ப்பவர்கள் எஞ்சின் சூடேறிய பிறகு, பட்டப்பகலில் கேட்கிறார்கள். விடிகாலை ஐந்து மணிக்குச் சாவியைத் திருப்பும்போது குளிர்ந்த எஞ்சின், கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்க வழக்கத்தைவிட அதிகச் சுற்றில் ஓடும். ஒரு நிமிடத்தில் வண்டி தெருமுனை தாண்டிப் போய்விடும். அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் கண் விழித்து, கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்.