டிஞ்சர் தடவிய கைதானே!

"நான் கணக்கு வாத்தியார். மனசு கினசெல்லாம் டாக்டர் பாடு" என்று ஒதுங்கப் பார்க்கிறீர்களா? மைதானத்தில் முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தவனுக்கு டிஞ்சர் தடவினீர்களே, எந்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டுத் தடவினீர்கள்? ரத்தத்தைப் பார்த்தீர்கள், கை தானாக நீண்டது. அந்தக் கையைத்தான் இப்போதும் கேட்கிறேன்.

இந்தக் காயத்தில் ரத்தம் வராது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். போன மாதம்வரை வகுப்பையே சிரிக்கவைத்தவள், இன்று பங்குனி வெயிலில் ஸ்வெட்டரைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். ஆசையாய்ச் சேர்த்த பேனாக்களைத் தோழியிடம் நீட்டி, "நீயே வச்சுக்கோ" என்கிறாள். "திமிர்" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஐம்பது பேர் வகுப்பில் யார் வரவில்லை என்று வாசலில் நின்றே சொல்கிற கண் உங்களுடையது. அது இதையும் பார்க்கும்!

மணி அடித்ததும் பக்கத்தில் போய் உட்காருங்கள். "ரெண்டு வாரமா நீ நீயாவே இல்லியே, என்னம்மா ஆச்சு?" அவ்வளவுதான். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். (நாற்பது நிமிஷம் மூச்சுவிடாமல் பேசிப் பழகிய நமக்கு அதுதான் பெரும்பாடு.) "உன் வயசுல நாங்கல்லாம்..." வேண்டவே வேண்டாம். சந்தேகம் தட்டினால், "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்பது வீண் பயம். பல பிள்ளைகள் அந்தக் கேள்விக்குத்தான் காத்திருக்கிறார்கள். "ஆமாம்" என்றால் ஒரு நிமிஷமும் தனியே விடாதீர்கள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள்.

இது பிறவி வரம் இல்லை, பயிற்சி. 2000-இல் ஆஸ்திரேலியாவில் மனநல முதலுதவிப் பயிற்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பெட்டி கிச்சனர், மனச்சோர்வைத் தானே அனுபவித்தவர். கல்வி நிறுவனப் பணியாளர் அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது இத்தகைய பயிற்சி வேண்டும் என்று 2025 ஜூலையில் நம் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அனைவரும் என்றால் வாட்ச்மேனும் சேர்த்தி.

தலைமையாசிரியர்களே! அந்தப் பயிற்சி நாளைக் கையெழுத்து, டீ, குரூப் போட்டோ என்று கரைத்துவிடாதீர்கள். சத்துணவு அம்மாவை முன்வரிசையில் உட்காரவையுங்கள். அந்தப் பெண்ணின் தட்டு நிறையவே திரும்பி வருவதை உங்களுக்கு முன்பே பார்த்தவர் அவர்தான். காலை வழிபாட்டில் நிற்கவைத்து ஏசுவதும் டி.சி.யைக் காட்டி மிரட்டுவதும் இன்றோடு ஒழியட்டும்.

டெலி மானஸ் என்னும் அரசு மனநல உதவி எண் 14416. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. நாளைக் காலை கரும்பலகையில் தேதிக்குக் கீழே அதை எழுதிவிட்டுப் பாடத்தை ஆரம்பியுங்கள்.