முயலின் தோலும் வியாபாரியின் அமானிதமும்

 

நாம் சோப்பும் முகக் கிரீமும் விற்கிறோம். அவை தோலைப் புண்ணாக்குமா என்று அறிய, 1944-ல் அமெரிக்காவில் டிரெய்ஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் ஒரு முறையை வெளியிட்டனர். முயலின் ரோமத்தை மழித்து, வஸ்துவைத் தடவி, தோல் சிவப்பதையும் வீங்குவதையும் கணக்கெடுப்பார்கள். கண்ணிலும் இட்டுப் பார்ப்பார்கள். வெகுகாலம் அதுவே வழக்கமாயிருந்தது.

முகத்தில் சூடு போடப்பட்ட கழுதையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அப்படிச் செய்தவனைச் சபித்தார்கள். கழுதையின் தோலுக்குக் கேள்வி உண்டென்றால் முயலின் தோலுக்கு இல்லையா?

அதற்காகச் சோதிக்காமல் விற்கலாமா? அதுவும் ஆகாது. நனைந்த தானியத்தை அடியில் மறைத்தவரை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்ததை நாம் அறிவோம். வாங்குபவரின் உடலும் நம்மிடமுள்ள அமானிதமே.

அல்லாஹ் இப்போது வேறு வழியைத் திறந்திருக்கிறான். மனிதத் தோலின் அணுக்களைச் சோதனைச்சாலையில் மெல்லிய தோலாக வளர்க்கிறார்கள். அதன்மேல் வஸ்துவை இட்டுக் கழுவி, பிறகு ஒரு மஞ்சள் சாயம் சேர்க்கிறார்கள். உயிருள்ள அணுக்களே அதை ஊதாவாக்கும். பாதிக்குமேல் உயிர் பிழைக்காவிட்டால் அது தோலை உறுத்தும் வஸ்து. 2010-ல் ஓ.இ.சி.டி. அமைப்பு இதை ஏற்றது. பிராணிகளில் சோதித்த அழகுப் பொருள்களின் விற்பனையை ஐரோப்பிய யூனியன் 2013-ல் முற்றாகத் தடுத்தது.

ஆகவே சகோதரர்களே, சரக்குக் கொண்டுவருபவரிடம் விலையை மட்டும் கேளாதீர்கள். சோதித்தீர்களா, எதில் சோதித்தீர்கள் என்றும் கேளுங்கள். இன்று நாம் கேளாததை நாளை மறுமையில் நம்மிடம் கேட்பான். நம் வியாபாரத்தில் அவன் பரக்கத் செய்வானாக! ஆமீன்.