இமையில்லாததன் இரவு

மீனுக்கு இமை கிடையாது. இது தெரிந்தேதான் என் மேஜைமேல் கண்ணாடித் தொட்டியிலிருந்த சண்டைமீனுக்கு இரவு முழுக்க நீல விளக்கை எரியவிட்டேன். தெரிந்ததும் செய்ததும் ஒன்றையொன்று தொடாமல் எனக்குள் இரண்டு வருஷம் இருந்தன.

சயாம் தேசத்து நெல்வயல்களும் சேற்றுக் குட்டைகளும் இதன் பூர்வீகம். 1910ல் ரீகன் என்ற ஆங்கிலேயர் பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் வைத்தார். நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கி சுவாசிக்கும் ஜாதி; அதனால்தான் சின்ன பாட்டிலில்கூட அடைத்து விற்கிறார்கள். (தாங்கிக்கொள்ளும் திறனே அதற்கு எதிரான சாட்சியம்.) பகலில் விழித்து இரவில் ஓய்வது அதன் இயல்பு. இருட்டை வைத்துத்தான் அதன் உடம்பு இரவை அறிகிறது. இரவில் விளக்கு அதற்குத் தேவையே இல்லை.

தேவை எனக்கு. நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அறையில் இன்னொரு ஜீவன் அசைவது தெரியவேண்டும். மனைவி இறந்தபின் வந்த பழக்கம். மீன்மேல் பிரியம் என்றே அதைச் சொல்லிவந்தேன்.

2018 நவம்பர் 16ந் தேதி கஜா புயல் புதுக்கோட்டை ஜில்லாவைச் சூறையாடிற்று. கம்பங்கள் சாய்ந்து பல நாள் மின்சாரம் இல்லை. முதல் இரவு மெழுகுவர்த்தியோடு தொட்டியருகே போனேன். மீன் ஒரு இலைமேல் சாய்ந்து, நிறம் வெளிறி, அசையாமல் கிடந்தது. செத்துவிட்டதென்றே நினைத்தேன். சுடரை நெருக்கியதும் திடுக்கிட்டு விலகிற்று. அது தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரவு விளக்கைப்பற்றி எங்கள் ஜில்லாவில் வெகுகாலம் முன்பே யோசித்தவர்கள் உண்டு. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர்களின் கல்படுக்கைகள் இருக்கின்றன. பொழுது சாய்ந்தபின் உண்ணாதவர்கள் அவர்கள். விளக்கைத் தேடிவரும் பூச்சிகள் சாகும் என்பது ஒரு காரணம். இந்த விரதம் மிகை என்று நான் சிரித்ததுண்டு. ஆனால் பூச்சி சாவது கண்ணுக்குத் தெரிகிற துன்பம். ஒருவகையில் சுலபமான வழக்கு. என் மீன் சாகவில்லை, காயப்படவில்லை, நீந்திக்கொண்டுதானிருந்தது. தடயமே விடாத துன்பத்துக்கு நான் பொறுப்பா? துன்பப்பட்டதா என்பதே நிச்சயமில்லை என்று வாதிடலாம், வாதிட்டும் பார்த்தேன். அந்த நிச்சயமின்மையின் லாபம் முழுக்க எனக்கே வந்து சேர்வதுதான் உறுத்துகிறது. இமை உள்ளவன் கண்ணை மூடியாவது வெளிச்சத்தை மறுக்கலாம்.

மின்சாரம் திரும்பிய இரவு நீல விளக்கு தானாகவே எரிந்தது. சுவிட்சை நான் அணைத்திருக்கவில்லை. மீன் இலையை விட்டு மேலே வந்து ஒரு வாய் காற்று குடித்தது. விளக்கை அணைத்தேன். விடியும்வரை எனக்குத் தூக்கம் வரவில்லை.