பொறை யாருக்குரிய கடன்?



கணவனால் அடியுண்ட பெண் ஒருத்தி விகாரைக்கு வந்து முறையிட்டால், நம்மில் மூத்தோர் கூறும் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "பொறுத்துக்கொள் அம்மா, பொறை பத்துப் பாரமிதைகளுள் ஒன்றல்லவா?" இம்மறுமொழி தம்மத்திற்கு இணங்கியதுதானா என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகுந்த வினா.

இவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டுவது கந்திவாதி ஜாதகம். காசி மன்னன் கலாபு, பொறையைப் போதித்த தவசியின் கைகால்களையும் காது மூக்கையும் வெட்டுவித்தான், தவசியோ சினந்தாரில்லை. கதை உயர்ந்த கதையே. ஆனால் பகவர் அதனை யாருக்குச் சொன்னார்? ஜேதவனத்தில், சினத்தை அடக்கமாட்டாத ஒரு பிக்குவை முன்னிட்டுச் சொன்னார். அடிபட்டவர் எவரையும் அழைத்து உட்கார வைத்துச் சொல்லவில்லை. கதையின் முடிவில் கலாபுவை நிலம் விழுங்குகிறது. அம்முடிவை எந்தக் கணவனுக்கேனும் எவரேனும் எடுத்துரைத்ததாக நாம் கேட்டதில்லை. நோய் ஒருவனுக்கு, மருந்து குடிப்பவள் வேறொருத்தி!

பொறை என்பது ஒருவர் தம் உள்ளத்தைத் தாமே வெல்லுதல். அதனைப் பிறர் வந்து கேட்டு வாங்க முடியாது. நாம் ஆலையில் தறி ஓட்டிய நாட்களில் மேஸ்திரி கைநீட்டினால், பொறுத்துப்போகச் சொன்னவர் எவர்? அடி விழாதவர். நாம் அதை ஏற்கவில்லை, சங்கம் கண்டோம். குளத்து நீர் நமக்கில்லை என்றபோதும் பொறுமையே நமக்குப் போதிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டு மகாத்தில் பாபாசாகிப் அம்பேத்கர் அப்பொறுமையை உதறிவிட்டுச் சவுதார் குளத்து நீரை அள்ளிப் பருகினார். ஆண்டுதோறும் மேடையில் இதனை முழங்கும் ஆடவரே வீடு திரும்பியதும் மனைவியிடம் அதே பழைய பொறுமையைக் கேட்கின்றனர்.

பாபாசாகிப் இதில் ஐயத்திற்கு இடம் வைத்தாரில்லை. 1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்புப் பெண்கள் மாநாட்டில், மணமான பெண் கணவனுக்குத் தோழியாய், சமமானவளாய் நிற்க வேண்டும். அடிமையாயிருக்க மறுக்க வேண்டும் என்றார். மணவிலக்கு உரிமை வேண்டும், பலதார மணம் ஒழிய வேண்டும் என அப்பெண்கள் தீர்மானித்தனர். அமைச்சராக அவர் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவுக்காக வாதாடுவதற்குச் சில ஆண்டுகள் முன்னரே அப்பெண்கள் தாமாகக் கேட்டுவிட்டார்கள் என்பதைக் கவனிக்க.

நமக்கு அண்மையிலுள்ள நெல்லூர் மாவட்டத்தைப் பாருங்கள். 1990ஆம் ஆண்டையொட்டி அங்கு எழுத்தறிவு இயக்கம் தொடங்கிற்று. பகலெல்லாம் வயலில் உழைத்த பெண்கள் இரவில் விளக்கடியில் கூடிப் படித்தனர். பாடநூலில் குடியால் கெட்ட குடும்பத்தின் கதை ஒன்று வந்தது. அதைப் படித்தவர்கள் தத்தம் வீட்டுக் கதையைச் சொல்லலாயினர். தன் வீட்டு வெட்கம் என்று ஒவ்வொருத்தியும் மூடி வைத்தது ஊர் முழுதுக்கும் பொதுவாயிருந்தது! தூபகுண்டா என்னும் சிற்றூரில் பெண்கள் திரண்டு சாராயக் கடையை மூடுவித்தனர். 1992இல் அது மாவட்டமெங்கும் பரவிச் சாராய ஏலத்தையே தடுத்தது. 1993 அக்டோபர் முதல் நாள் ஆந்திரத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997இல் அது கைவிடப்பட்டது. இவர்களில் எவளும் தனியே தன் கணவனைத் திருத்தப் புறப்பட்டவளல்லள். அவ்வாறு புறப்பட்டிருந்தால் அன்றிரவே அடியுண்டு அடங்கியிருப்பாள்.

குடி ஒழிந்தால் அடியும் ஒழியும் என்பார் உளர். பாதி மெய். மது விலக்குதல் ஐந்தாம் சீலம். 1956இல் நாகபுரியில் ஏற்ற இருபத்திரண்டு உறுதிமொழிகளிலும் அது உண்டு. ஆயினும் ஒன்று கேட்கிறோம். எவ்வளவு குடித்தாலும் அவன் மேஸ்திரியை அடிப்பதில்லை, வட்டிக்காரனை அடிப்பதில்லை; மனைவியை மட்டுமே அடிக்கிறான். கைக்கு இடம் அறியும் அறிவு போதையிலும் இருக்கத்தான் செய்கிறது.

"கணவன் மனைவிக்கிடையே மூன்றாமவர் புகலாமா?" என்பது கடைசித் தடை. அங்குலிமாலன் தன்னைப் பெற்ற தாயையே கொல்ல நெருங்கிய நாளில் பகவர் தலையிட்டார் என்று உரைநூல் கூறும். தாயிடம் அவர் பொறை போதிக்கவில்லை. வழியில் தடுத்தோர் சொல்லையும் கேளாது நடந்து சென்று இடையே நின்றார். கொலைஞனைத் திருத்தியது அதன் பிறகு.

இந்நாட்டுச் சட்டமும் அயலாருக்கு வழி விட்டிருக்கிறது. 2005ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, வன்முறை நடந்ததாகவோ நடக்கக்கூடும் என்றோ நம்பக் காரணமுள்ள எவரும் பாதுகாப்பு அலுவலருக்கு அறிவிக்கலாம்; நல்லெண்ணத்துடன் அறிவித்தவர்மீது பழி வாராது. வீடு கணவன் பெயரில் இருப்பினும் அவளுக்கு அங்கு வசிக்கும் உரிமையுண்டு. பெண்களுக்கான உதவித் தொலைபேசி எண் 181. இவ்வெண்ணைப் பஞ்சசீலப் பலகைக்கு அருகே பெரிதாக எழுதி வைத்தல் நன்று.

மற்றொரு வேண்டுகோளும் உண்டு. பௌர்ணமிக்கு முந்திய மாலை சங்க மண்டபத்தைப் பெண்களுக்கென்று ஒழித்துவிட வேண்டும். போதகராகிய நாமுட்பட ஆடவர் எவரும் அங்கிருத்தல் ஆகாது. மண்டபத் திறவுகோல் இப்போது செயலாளர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. இன்னொன்று செய்வித்து மாதர் குழுவினரிடம் கொடுப்பதற்கு ஆகும் செலவு சொற்பமே.