பரலைப் பார்க்காத தீர்ப்பு

2023 மார்ச் முதல் வாரம். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிளில் தைத்துக்கொண்டிருந்த பீகார்த் தொழிலாளர்களுக்கு ஊரிலிருந்து போன் மேல் போன். தமிழ்நாட்டில் இந்தி பேசுகிறவர்களை வெட்டிக் கொல்கிறார்களாம், கிடைத்த வண்டியில் ஏறி வந்துவிடு என்று வீட்டார் கதறினார்கள். ஆதாரம், செல்போனில் வந்த வீடியோக்கள். அவற்றில் ஒன்று பீகார்த் தொழிலாளர்களே தங்களுக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்கு இடையே நடந்த தகராறு என்று டிஜிபி சைலேந்திர பாபு விளக்கினார். ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு கொலையின் காட்சியும் தமிழ்நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டிருந்தது. விளக்கம் வருவதற்குள் பலர் மூட்டை கட்டிவிட்டார்கள்.

உண்மை தெரியுமுன் ஒரு மக்கள் கூட்டத்தின் மீது பழி சுமத்தும் செய்தியைப் பரப்புவது அறமன்று. நல்லெண்ணத்தோடு பரப்பினேன் என்பது அந்தக் குற்றத்தைக் குறைக்காது.

சிலப்பதிகாரத்தின் மதுரையில் நடந்ததும் இதுதான். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனே கோவலனைத் திருடன் என்றான். பாண்டியன் விசாரிக்கவில்லை. கொல்லப் போன காவலர்களிடையே தயக்கம் இருந்தது. இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்றார்கள். பொற்கொல்லனோ களவு நூலை எடுத்து வைத்து, கள்வர்கள் கையாளும் உத்திகளை வகைவகையாக விளக்கி வாயடைத்தான். அறிவாளி போலப் பேசுகிறவன் முன் நியாயமான சந்தேகம் கூனிக் குறுகுவது அன்றும் இருந்திருக்கிறது. சிலம்புக்குள் இருக்கும் பரல் முத்தா, மாணிக்கமா? கேட்க ஒரு நொடி போதும். அந்தக் கேள்வி கொலைக்குப் பிறகுதான் எழுந்தது. இளங்கோவடிகள் இதைவிடத் தெளிவாக நமக்கு எதைச் சொல்லிவிட முடியும்?

வள்ளுவர் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கி, அதையடுத்துப் பயனில சொல்லாமையை வைத்தார். வாய்மை அதிகாரத்தில் உண்மைக்கு அவர் வைக்கும் அளவுகோல், பிறருக்குத் தீங்கு வருகிறதா என்பது. அறிவுடைமையிலோ, சொன்னவர் யார் என்று பார்த்து நம்பாமல் சொன்னதைச் சோதிக்கச் சொல்கிறார். குடும்பக் குழுவில் மாமா அனுப்பினார் என்பதற்காகவே நம்பிவிடும் நமக்கென்றே அவர் எழுதியது போல இருக்கிறது.

ஆபத்து மெய்யாகவே இருந்து, நாம் வாய்மூடி இருந்துவிட்டால்? நியாயமான கேள்விதான். அரசு மறுத்துவிட்டது என்பதாலேயே எதுவும் பொய்யாகிவிடாது என்பதும் சரி. ஆனால் 2018-இல் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக வாட்ஸப்பில் அனுப்பியவர்களும் எச்சரிக்கை செய்வதாகத்தான் நினைத்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போகும் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு மூதாட்டியை ஊரே சேர்ந்து அடித்துக் கொன்றது. எச்சரிக்க வேண்டுமா, காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். சம்பவ ஊரில் தெரிந்தவர் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். நூறு பேருக்கு அனுப்புவதை எச்சரிக்கை என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வடக்கை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்க முடியாது. 2023 ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் உள்ளூர்க்காரர்களை விரட்டிய வீடியோ இங்கே பரவியது. சிறு தகராறில் தொடங்கிய அந்தச் சண்டையை இனப் போராகவே ஆக்கிவிட்டோம். அந்த வீடியோவின்கீழ் 'வடக்கன்' என்ற சொல் எத்தனை முறை வசையாக விழுந்தது! எதிர்த்தரப்பும் சளைக்கவில்லை, கூலி குறைந்துவிடுமோ என்று அஞ்சிய உள்ளூர்த் தொழிலாளியை இனவெறியன் என்றது. அவருடைய அச்சம் கேட்டுப் பதில் சொல்லத் தக்கது. முதலாளி ஏன் வெளியாளைச் சேர்க்கிறார், என்ன கூலி தருகிறார், உள்ளூர்ப் பிள்ளைகள் ஏன் அந்த வேலைக்கு வருவதில்லை என்று பேசியிருந்தால் விவாதம் நடந்திருக்கும்.

தமிழுக்கு விவாத மரபு இல்லாமலில்லை. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரையும் தேடிப் போய், அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே முழுவதும் கேட்டாள். நன்னூல் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது கொள்கைகளில், ஒன்று, பிறர் கொள்கையை முதலில் ஏற்று, பிறகு அதைக் களைவது. எதிராளி தன் வாதம் இதுதான் என்று ஒப்பும்படி நம்மால் எடுத்துச் சொல்ல முடியாவிட்டால், அதை மறுக்க நமக்குத் தகுதி வரவில்லை என்றே பொருள்.

அந்த மார்ச்சில் பீகார் அரசு நான்கு அதிகாரிகளை அனுப்பியது. அவர்கள் திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் நேரில் கேட்டார்கள். பரலைப் பார்க்கும் வேலை அப்போதுதான் நடந்தது. பாண்டியன் தன் தவற்றை அறிந்த கணமே அரியணையில் உயிர் விட்டான். வீடியோவை அனுப்பியவர்களிடம் உயிரை யாரும் கேட்கவில்லை. அனுப்பிய அதே குழுவில், 'நான் அனுப்பியது பொய்' என்று ஒரு வரி எழுதினால் போதும். எத்தனை குழுக்களில் அந்த வரி வந்தது?