ஒரிஜினலா என்று கேட்டார்

திருகோணமலைத் தெருக்களில் மொறிஸ் மைனர் இன்னும் ஓடுகிறது. விழாவுக்கும் கலியாண ஊர்வலத்துக்கும் மட்டும் வெளியே எடுக்கப்படுகிற காரை நான் சொல்லவில்லை. விடியப்புறம் மீன் சந்தையடியில் நின்று ஐஸ் பெட்டி ஏற்றிக்கொண்டு போகிற கார், வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலடியில் வயதானவர்களை இறக்கிவிடுகிற கார், உப்புவெளிப் பக்கம் தென்னங்கன்றுகளைப் பின்சீற்றில் கிடத்திக்கொண்டு போகிற கார். ஒரு காலத்தில் அதோடு ஒஸ்ரின் ஏ40, ஹில்மன் மிங்ஸ், போர்ட் பிறிபெக்ட் எல்லாம் வரிசையாக நின்று ஹயர் ஓடின. அப்போது யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று ஒன்று போனால் தேநீர்க்கடையில் இருப்பவர்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். யாருடையது, யாரிடமிருந்து யாருக்குக் கைமாறியது, முந்தி என்ன நிறம் என்று கதை தொடங்கிவிடும்.

இவை இங்கே தங்கியதற்குக் காரணம் பழமை மீதுள்ள ஆசை இல்லை. 1957 ஒக்ரோபரில் பிரித்தானியக் கடற்படை இந்தத் துறைமுகத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனது. அடுத்த சில ஆண்டுகளில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றியது. அறுபதுகளில் புதுக் கார் இறக்குவது ஏறக்குறைய நின்றே போனது. 1977இல் கதவு திறந்து ஜப்பான் கார்கள் வரும்வரை கைவசம் இருந்ததை வைத்துத்தான் ஓட வேண்டியிருந்தது. உதிரிப்பாகம் இல்லாத அந்த ஆண்டுகளில்தான் நம்மவர்களுக்குக் கை படிந்தது. லேத்தில் புஷ் கடைந்தார்கள். தேய்ந்த சாப்ற்றை நிரப்பி மறுபடி கடைந்தார்கள். லொறிச் சில்லின் பழைய ரியூப்பை வெட்டி றப்பர் மவுண்டிங் செய்தார்கள். யாழ்ப்பாணத்தில் இந்தத் திறமை இன்னும் ஒரு படி மேலே போனது. 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காதபோது ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினைக் கிளப்பி, சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். எஞ்சினின் அழுத்த விகிதம் குறைவு என்பதால் அது தாங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிகளும் இடம்பெயர்ந்த குடும்பங்களும் அந்தப் புகைக்குள்ளேதான் பயணம் செய்தார்கள்.

என்னுடையது அப்பா வைத்திருந்த கார். இலக்கம் 1 ஶ்ரீயில் தொடங்கும். இந்த எழுத்துக்கு இந்த ஊரில் ஒரு கணக்கு உண்டு. அதற்கு முந்திய கார்களில் ஈ.எல்., ஈ.என். என்று ஆங்கில எழுத்துகள் இருந்தன. 1957 தொடக்கத்தில் சிங்கள ஶ்ரீ எழுத்து இலக்கத் தகட்டுக்கு வந்தது. தனிச் சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அந்த ஆண்டு பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, இங்கே மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முனைந்த நடராசன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். தமிழ்ப் பகுதிகளில் சிங்கள ஶ்ரீயைத் தார் பூசி அழித்துத் தமிழ் ஶ்ரீ எழுதிக்கொண்டு வாகனங்கள் ஓடின. அப்பா அந்த எழுத்தைப் பற்றி எங்களிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காரை முழுக்கக் கழுவுவார். இலக்கத் தகட்டை மட்டும் துடைக்காமல் எங்களிடம் விட்டுவிடுவார்.

அந்தக் காரில்தான் நான் சந்தைக்குப் போகிறேன். எஞ்சின் மட்டும் அப்பா காலத்து எஞ்சின் இல்லை. பழைய 948 சிசி எஞ்சினின் புளொக் வெடித்தபோது நிஸான் சனி காரின் எஞ்சினும் கியர்பொக்சும் பூட்டினோம். இலங்கை முழுக்க மொறிஸ்காரர்கள் பலர் செய்கிற வேலைதான் இது.

அண்மையில் கோணேசர் கோயிலுக்குக் குடும்பத்தோடு வந்த ஒருவர், பிரெட்ரிக் கோட்டை வாசலில் நின்ற காரைக் கண்டு இறங்கி வந்தார். கொழும்புக்காரர். வீட்டில் பழைய கார்கள் வைத்திருக்கிறாராம். சுற்றி வந்து பார்த்தார். நடுத்தூணில் செருகியிருக்கும் சிக்னல் கையை விரலால் மெல்ல வெளியே எடுத்துப் பார்த்தார். செம்மஞ்சள் கண்ணாடி உடையாமல் இருந்ததில் அவருக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்தக் கை 1961க்குப் பிறகு வந்த மைனர்களில் கிடையாது. பொனற்றைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தேன்.

"ஐயா, எஞ்சின் ஒரிஜினலா?"

"இல்லைத் தம்பி, நிஸான்."

அவருடைய முகம் வாடியது. பழைய எஞ்சின் ஒன்று தேடித் தரலாம், திரும்பப் பூட்டினால் காரின் பெறுமதி எங்கேயோ போய்விடும் என்று சொல்லித் தொலைபேசி இலக்கமும் தந்துவிட்டுப் போனார். அக்கறையோடு சொன்ன மனிதர். அதனால்தான் அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியவில்லை. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், எந்த இடத்தில் இது அப்பாவின் கார் இல்லாமல் போகும்?

மைனரின் சொந்தக் கதையே இதற்குப் பாதி பதில் சொல்கிறது. இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் கார் வெளிவந்தது. அதற்குச் சற்று முந்தி, மாதிரிக் கார் ஒடுங்கலாக இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, நாலு அங்குலம் அகட்டினார். பொனற்றின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஓடும் அந்தத் தட்டையான பட்டை அப்படி வந்ததுதான். பம்பர்கள் ஏற்கெனவே செய்தாகிவிட்டதால் அவற்றையும் நடுவில் வெட்டித் துண்டு வைத்து இணைத்தார்கள். கையால் தடவினால் அந்தப் பட்டை இன்றும் விரலில் படும். தொழிற்சாலையை விட்டு வெளியே வரும்போதே வெட்டி ஒட்டிய கார் அது.

எஞ்சின் விஷயம் இன்னும் தெளிவு. முதல் மைனர்களில் இருந்தது மொறிஸின் 918 சிசி எஞ்சின். 1952இல் மொறிஸ் நிறுவனமும் அதன் நெடுநாள் போட்டியாளரான ஒஸ்ரினும் ஒன்றாக இணைந்தன. உடனே மைனருக்குள் ஒஸ்ரினின் 803 சிசி எஞ்சின் ஏறியது. கொழும்புக்காரர் தேடித் தரலாம் என்று சொன்ன 948 அந்த ஒஸ்ரின் எஞ்சினின் வளர்ச்சிதான். அதே 1952இல் நிஸான் நிறுவனம் ஒஸ்ரினோடு ஒப்பந்தம் செய்து, பிறகு ஏ40 காரை ஜப்பானில் பூட்டத் தொடங்கியது. எஞ்சின் செய்கிற தொழிலில் நிஸான்காரர் அந்த ஆண்டுகளில் நிறையப் படித்தார்கள். ஆகவே என் காருக்குள் இருப்பது அந்நியன் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒஸ்ரின் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு ஊருக்குப் போன பிள்ளையின் வீட்டிலிருந்து வந்தது.

இசிகோனிஸைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மைனர் என்றால் இங்கிலாந்தின் கிராமத்து மருத்துவிச்சியும் பாதிரியாரும் ஓட்டிய கார் என்பார்கள், ஆங்கிலத்தன்மையின் அடையாளம் என்பார்கள். அதைச் செய்தவர் 1906இல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர். கிரேக்கத் தகப்பன், ஜெர்மன் வழித் தாய். 1922இல் போர் அந்த நகரத்தை விழுங்கியபோது பிரித்தானியக் கப்பலில் குடும்பத்தோடு மால்டாவுக்கு ஏற்றி அனுப்பப்பட்டார். தகப்பன் அங்கேயே இறந்துபோக, தாயும் மகனும் இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கையில் அகப்பட்டதோடு கடலேறுவது என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துச் சனத்துக்குச் சொல்லத் தேவையில்லை. மன்னார்வரை போய் வள்ளமேறி இராமேஸ்வரக் கரையில் இறங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே இருந்தார்கள். அந்த அகதிப் பையன் பிறகு செய்த கார்தான் இது. பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் காரும் இதுதான்.

மாற்றம் ஒரு பொருளைக் கெடுத்துவிடும் என்றால் இந்த ஊரில் நிற்கிற எதையும் அதன் பெயரால் அழைக்க முடியாது. சுவாமி மலையில் இருந்த கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்தார்கள். அதன் கற்கள் கோட்டைச் சுவருக்குள் போயின. 1950இல் மண்ணுக்குள்ளிருந்து விக்கிரகங்கள் கிடைத்தன. புதுக் கோயில் எழும்பி 1963இல் கும்பாபிஷேகம் நடந்தது. மூலக் கல்லா, பழைய சுவரா என்று யாரும் வாசலில் நின்று கேட்பதில்லை. கோயில் இல்லாத முந்நூறு வருடங்களிலும் சனம் அந்தப் பாறை விளிம்புக்குப் போய்க் கும்பிட்டு வந்தது. என் கண்ணுக்கு, அந்தப் போக்குவரத்து அறாமல் இருந்ததால்தான் அது அதே கோயில்.

ஆனால் இந்த நியாயத்தை மனிதருக்குக் கொண்டுபோய்ப் பூட்டக் கூடாது. போரில் போனவர்களுக்கு மாற்று வைக்க முடியாது. ஒரு தெருவில் இருந்தவர்கள் துரத்தப்பட்டு வேறு யாரோ வந்து குடியிருந்தால், தெரு ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று சொல்வது கொடுமை. பொருளைப் பற்றி நான் பேசுவது பொருளுக்கு மட்டும்.

பொருளைப் பொறுத்தவரை எனக்கு இதை விளக்கியது சித்தப்பாவின் ஹில்மன். 1990இல் குடும்பம் ஓடியபோது காரைக் கொட்டிலுக்குள் விட்டுவிட்டுப் போனார்கள். பல வருடம் கழித்துத் திரும்பி வந்தபோது கார் அங்கேயே இருந்தது. அதில் ஒரு நட்டுக்கூடக் கழற்றப்படவில்லை. எஞ்சின் ஒரிஜினல், சீற்றுத் தோல் ஒரிஜினல், அடிப்பூச்சும் ஒரிஜினல். சேஸிஸ் வழியாக முருங்கை எழுந்து நின்றது. பிஸ்ரன்கள் சிலிண்டருக்குள் இறுகிவிட்டன. சித்தப்பா கதவைத் திறக்கப் பார்த்தார், பிடி கையோடு வந்தது. கொழும்புக்காரரின் கணக்கில் என் காரைவிட அதுவே மேல். சித்தப்பாவோ அதைக் கார் என்று அதற்குப் பிறகு சொன்னதில்லை, "அந்தச் சாமான்" என்பார்.

நாளைக்கு இதில் ஏறி எங்கேயோ போக வேண்டும் என்று ஒருவர் இருக்கும்வரைதான் அது கார். அந்தத் தேவைதான் அதைத் திறக்க வைக்கிறது, துடைக்க வைக்கிறது, தேய்ந்ததை மாற்ற வைக்கிறது. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோமே, பிறகு கியூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் தந்தார்களே, அப்போதுகூட என் தெருவில் பழைய கார்கள் ஒவ்வொரு நாளும் கொஞ்சமாவது ஓடின. அந்த 20 லீற்றரை நோயாளியுள்ள வீடுகள் மாறி மாறிப் பங்கிட்டன. பிரித்தானியர் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் சீனக்குடாக் காட்டுக்குள் நிற்க, அதற்குக் கூப்பிடு தூரத்தில் நாங்கள் கானோடு நின்றோம் என்பது ஆறாத மனக்குறை. அது தனியே எழுத வேண்டிய கதை.

மாற்றியதில் எனக்கு இழப்பே இல்லையா என்றால் இருக்கிறது. பழைய எஞ்சினில், வேகத்திலிருந்து காலை எடுத்தால் சைலன்சரில் ஒரு தனிச் சத்தம் வரும், பெரிய வண்டு சுவரில் மோதி முனகுவதுபோல. அப்பா வேலையிலிருந்து ஒழுங்கையில் திரும்புவதை அந்தச் சத்தத்தில்தான் அம்மா கண்டுகொள்வார். அது நிஸானில் வராது. கிண்ணியாவிலிருந்து வரும் மெக்கானிக் பாஸிடம் இதைச் சொன்னேன். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. மைனரின் வால்வ் இடைவெளியைத் தகடு வைக்காமல் காதால் சரிசெய்வார்.

"பழசைப் போட்டா அந்தச் சத்தம் வரும் சேர், நான் இல்லெண்டு சொல்லல்ல" என்றார். "ஆனா ஹபரணைக் காட்டுக்குள்ள ராவையில நிண்டா என்ன செய்வீங்க? நிஸான் சாமான் எண்டா எந்தக் கடையிலயும் எடுக்கலாம்."

அவர் கவலைப்படுவது எஞ்சினைப் பற்றியல்ல, தன் கைவேலையைப் பற்றி. 2020 மார்ச்சில் மறுபடி நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. வருகிற கார்களைக் கணினி மாட்டித்தான் பார்க்க வேண்டும். அவரிடம் வேலை பழகுகிற பெடியன் அதைத்தான் படிக்க விரும்புகிறான், அதில் தப்பும் இல்லை, அவனுக்குச் சோறு அதில்தான். காபரேற்றரைக் கழற்றிப் பூட்ட மட்டுமாவது சனிக்கிழமைகளில் அவனைப் பிடித்து வைத்திருக்கிறார்.

உதிரிப்பாகத்தைப் பற்றியும் பாஸ்தான் ஒரு செய்தி சொன்னார், பிறகு நானும் தேடி வாசித்தேன். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் சென்ரர் நடத்திய சார்ல்ஸ் வெயரும் இலங்கை வர்த்தகர் தனபால சமரசேகரவும் சேர்ந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மைனருக்குத் தேவையான தகடுகளையும் பாகங்களையும் இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். பாத் நகரத் தெருவில் பளபளவென்று நிற்கிற ஏதோ ஒரு மைனரின் மட்கார்ட் நம்மூர்த் தொழிலாளி தட்டி எடுத்ததாக இருக்கலாம். அங்கேயும் அதை மொறிஸ் மைனர் என்றுதான் சொல்வார்கள்.

கொழும்புக்காரருக்குப் போன கிழமை எடுத்துப் பேசினேன். 948 எஞ்சின் ஒன்று குருநாகலில் பார்த்து வைத்திருக்கிறாராம். எனக்கு வேண்டாம் தம்பி, ஆனால் எஞ்சின் இல்லாமல் கல்லில் ஏற்றி வைத்த மைனரோடு நிலாவெளியில் ஒருவர் இருக்கிறார், விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசிக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சம்மதித்தார். என் கார் திங்கட்கிழமை பாஸிடம் போகிறது. முன்சில்லுகளின் பழைய ட்றம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பூட்டப் போகிறோம்.