தலை மாறிய மோட்டார்

பெரியம்மா மகள் கல்யாணத்துக்கு அம்மா ஈப்போ போயிருந்த மூன்று நாளில், அப்பாவின் இஎக்ஸ்5-இலிருந்து எஞ்சினைக் கழற்றிவிட்டேன். பெரிய வேலை இல்லை. செயினை எடுத்து, புகைக்குழாயையும் கார்புரேட்டரையும் பிரித்து, ஒயர்களில் துண்டுக் காகிதம் ஒட்டிப் பெயர் எழுதி, கடைசியில் போல்டுகளைத் தட்டி எடுத்தால் எஞ்சின் கையோடு இறங்கிவிடும். இருபது கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பழைய டயர் ஒன்றின் மேல் அதை உட்கார வைத்தேன். வண்டியின் நடுவில் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக வாசலில் இருந்த துளசிச் செடி தெரிந்தது. அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

நம் ஊரில் இரண்டு சக்கர வண்டிக்கே மோட்டார் என்றுதான் பெயர். சின்ன வயதில் அது எனக்கு வேடிக்கையாகப் பட்டதில்லை. ஸ்கூடாயில் மின்பொறியியல் படிக்கப் போனபோதுதான் மோட்டார் என்றால் மின்சாரத்தில் சுற்றுவது, பெட்ரோலில் ஓடுவது எஞ்சின் என்று பிரித்துச் சொல்லப் பழகினேன். அப்படிப் பார்த்தால் அப்பாவின் மோட்டார் இத்தனை வருடம் பொய்ப்பெயரில் ஓடியிருக்கிறது, நான்தான் அதை நிஜ மோட்டார் ஆக்கப் போகிறேன். இப்படியெல்லாம் நண்பர்களிடம் ஜோக் அடித்துக்கொண்டிருந்தேன்.

1998-ல் வாங்கிய வண்டி. 97 சிசி, நாலு கியர், கிளட்ச் பிடிக்க வேண்டியதில்லை. சீனர், மலாய்க்காரர், நம்மவர் எல்லாருக்கும் அது காப்சாய். 1958-ல் ஜப்பானில் வந்த சூப்பர் கப்பின் வாரிசு. 2017-க்குள் பத்துக் கோடி சூப்பர் கப் செய்துவிட்டார்கள். உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனமும் அத்தனை செய்யப்படவில்லை. அந்தக் கூட்டத்தில் ஒன்றை ஓட்டிக்கொண்டுதான் அப்பா சுங்கைப்பட்டாணி தொழிற்பேட்டைக்கு இருபத்திரண்டு வருடம் ஷிப்டுக்குப் போனார். இரவு ஷிப்டு முடித்து வரும்போது முனையில் மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு இறக்குவார். அந்தச் சத்தத்துக்கு அம்மா அடுப்பைப் பற்ற வைப்பார். 2021-ல் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு வாரக் கடைசியில் பினாங்கிலிருந்து நான் வந்தால் மட்டும் வண்டி வெளியே போகும்.

கல்யாணத்திலிருந்து திரும்பிய அம்மா வாசலிலேயே நின்றார். கத்தவில்லை. "என்னாடா இது, வயித்த கிழிச்சி வச்சிருக்க" என்று மட்டும் கேட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் பின்னாலேயே போய் விளக்கம் கொடுத்தேன். முதல் விளக்கம் சுற்றுச்சூழல். எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தது அதுதான், கேட்க நன்றாகவும் இருந்தது. அன்று இரவு தூக்கம் வராமல் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பொறியாளன் என்று சொல்லிக்கொள்பவன் கழற்றுவதற்கு முன்னால் போட்டிருக்க வேண்டிய கணக்கு.

நான் வருடத்துக்கு ஓட்டுவது 1,500 கிலோமீட்டர் இருந்தால் அதிகம். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் என்று வைத்தால் 30 லிட்டர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு. வருடத்துக்கு 70 கிலோவை ஒட்டி வரும். நான் வாங்கி வைத்திருந்த லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 24 செல், 76.8 வோல்ட், 30 ஆம்பியர் மணி. மொத்தம் 2.3 கிலோவாட் மணி. ஒரு கிலோவாட் மணி பேட்டரியைச் செய்து முடிக்க 60 முதல் 100 கிலோ வரை கரியமில வாயு வெளியாகும் என்று பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். ஆக, சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு முன்பே என் பேட்டரி இரண்டு மூன்று வருடப் பெட்ரோலைக் குடித்துவிட்டது. சார்ஜ் செய்யும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? தீபகற்பத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் இருந்துதான். அதையும் சேர்த்தால், நான் செய்த புண்ணியம் லாபக் கணக்குக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். தினம் நூறு கிலோமீட்டர் ஓடும் சாப்பாடு டெலிவரிப் பையன் இதைச் செய்தால் கதையே வேறு, சில மாதங்களில் நேர் ஆகிவிடும். என் கதையில் பச்சை கொஞ்சம்தான்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 கிலோவாட் மணி சக்தி அடங்கியிருக்கிறது. பதினெட்டு கிலோ எடையுள்ள என் பேட்டரியில் இருப்பது கால் லிட்டர் பெட்ரோலின் சக்தி. அந்தக் கால் லிட்டரை எஞ்சினில் ஊற்றினால் 12 கிலோமீட்டர் போகலாம். அதே சக்தியைப் பேட்டரியில் வைத்தால் 60 கிலோமீட்டர் போகலாம். மிச்சமெல்லாம் சூடாகவும் சத்தமாகவும் காற்றில் போகிறது. அதாவது, அம்மா இருபத்திரண்டு வருடம் காதில் வாங்கியதில் ஒரு பகுதி, எங்கள் பொறியியல் மொழியில், நஷ்டம். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கும் அளவுக்கு எனக்குப் புத்தி இருந்தது.

இரண்டாவது விளக்கம் கொஞ்சம் உயர்ந்த தரம். "ம்மா, இது அதே மோட்டார்தான்மா. அப்பா மாத்தாத சாமானா?" என்றேன். இதற்கு ஆதாரம் வைத்திருந்தேன். அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதில் அப்பா சேர்த்து வைத்த பட்டறை ரசீதுகள். பிஸ்டன் தேய்ந்து பிளாக்கைக் குடைந்து பெரிசாக்கியது, மறுபடி குடைந்தது, பிறகு குடைய இடமில்லாமல் பிளாக்கையே மாற்றியது. கிளட்ச் தட்டு, கார்புரேட்டர், இரண்டு ரிம், இருக்கை, எத்தனையோ செயின். எண் குத்திய கிரேங்க் பெட்டியையும் சட்டத்தையும் தவிர 1998-ல் கடையிலிருந்து வந்தது என்று சொல்ல பெரிதாக எதுவும் மிச்சமில்லை. கிரேக்கர்கள் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்ட கேள்விதான். பலகை பலகையாக மாற்றி முடித்த பிறகு அது அதே கப்பலா? அப்பா மாற்றியபோது அது அதே மோட்டார் என்றால், நான் மாற்றும்போதும் அதே மோட்டார்தானே?

அம்மாவுக்குத் தீசியஸ் தெரியாது. "அவரு மாத்துனாரு, சத்தம் மாறலயே" என்றார்.

இதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. இப்போதும் முழுதாக இல்லை. அப்பா பொருளை மாற்றினார், அது ஓடும் விதத்தை மாற்றவில்லை. நான் பொருளில் ஒன்றைத்தான் மாற்றினேன், ஆனால் அதுவரை அது ஓடிய விதமே போய்விட்டது. எது பெரிய மாற்றம்?

அரசாங்கத்துக்கு இதில் தடுமாற்றமே இல்லை. கிராண்டில் இரண்டு எண் இருக்கும், சட்ட எண் ஒன்று, எஞ்சின் எண் ஒன்று. ஜேபிஜேயைப் பொறுத்தவரை மோட்டாரின் ஆன்மா அந்த இரண்டு எண்களில் இருக்கிறது. தத்துவவாதிகள் இரண்டாயிரம் வருடம் அடித்துக்கொண்டதை கவுண்டரில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். இன்னொரு தமாஷ். 2023 இறுதியில் உள்நாட்டில் பொருத்திய புதிய மின்மோட்டார் வாங்குகிறவர்களுக்கு 2,400 ரிங்கிட் கழிவு தரும் திட்டம் வந்தது. வருமானம் வருடத்துக்கு 120,000 ரிங்கிட்டுக்கு மேல் போகக் கூடாது என்று விதி இருந்தது, நானும் தகுதியாகத்தான் இருந்தேன். ஆனால் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. இருக்கிற பழையதை வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவனுக்கு அதில் இடம் இருக்கவில்லை.

கப்பலைவிட எனக்குப் பொருத்தமாக இருந்தது விக்கிரமாதித்தன் கதை. வேதாளம் சொல்லும் கதைகளில் ஒன்றில், ஒரு பெண்ணின் கணவனும் சகோதரனும் கோயிலில் தலையை வெட்டிக்கொண்டு சாகிறார்கள். தேவி உயிர் கொடுக்கச் சம்மதிக்கிறாள். அவசரத்தில் அந்தப் பெண் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன் என்று வேதாளம் கேட்கிறது. கணவனின் தலை எந்த உடம்பில் இருக்கிறதோ அவனே, உறுப்புகளில் தலையே முதன்மை என்கிறான் ராஜா. தாமஸ் மன் 1940-ல் இதை நாவலாக எழுதினார். கிரீஷ் கர்னாட் 1971-ல் 'ஹயவதனா' நாடகமாக்கினார். அவர்கள் இருவரும் ராஜாவின் தீர்ப்போடு கதையை முடிக்கவில்லை. தலை ஒட்டிய பிறகு உடம்பு என்ன ஆகிறது என்று பார்க்கிறார்கள்.

என் கேள்வி அதற்கும் முன்னால் நிற்கிறது. மோட்டாருக்கு எது தலை?

எஞ்சின் என்றுதான் நினைத்தேன். அதனால் அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. முனைப் பட்டறை தவுக்கே அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு "மாசே ஹிடுப் லா" என்றார், இன்னும் உயிரோடுதான் இருக்கிறதாம். மாமாவின் செம்பனைத் தோட்டத்தில் குலை ஏற்றும் ஒருவர் எஞ்சின் செத்துப்போன காப்சாய் ஒன்றை வைத்திருந்தார். தோட்டத்து மண்பாதையைத் தாண்டாத வண்டி. அவருக்குக் கொடுத்துவிட்டேன். காசு வாங்கவில்லை. நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன்.

என் வண்டியையும் லாரியில் போட்டு அங்கேதான் கொண்டுபோனேன். ரோட்டில் இறக்க அனுமதி வேண்டுமே. பின்சக்கரத்தில் 3 கிலோவாட் மின்மோட்டார், எஞ்சின் இருந்த ஓட்டையில் பேட்டரிப் பெட்டி. அச்சு திரும்பிவிடாமல் இரண்டு பக்கமும் தாங்குத் தகடு அடித்திருந்தேன். அதை விட்டால் முறுக்கியதும் சக்கரத்துக்குப் பதில் அச்சு சுற்றி ஒயரைப் பிய்த்துவிடும். ஓட்டிப் பார்த்தேன். எடுத்தவுடன் இழுத்தது. சத்தம் இல்லாததால் மற்றதெல்லாம் கேட்டது: பின்னால் கேரியர் ஆடுவது, அப்பா கம்பி போட்டுக் கட்டியிருந்த மட்கார்டு தட்டுவது, கல் தெறிப்பது.

அந்தச் சமயம் எதிர்ப் பாதையில் குலை ஏற்றிக்கொண்டு அந்த மற்ற வண்டி வந்தது. அப்பாவின் எஞ்சின். அம்மா மாமியோடு திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் பிரேக்கைப் பிடித்து அம்மாவின் முகத்தையே பார்த்தேன். வண்டி அவர் முன்னால் பத்தடியில் கடந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்து, "யாரு வண்டிண்ணி அது, டப்பா மாதிரி அடிக்குது?" என்று மாமியைக் கேட்டார்.

எனக்கு முதலில் சிரிப்பு, பிறகு என்னவோ போல ஆகிவிட்டது. யோசித்தால் காரணம் எளிது. புகைக்குழாயை நான் கொடுக்கவில்லை, அது எங்கள் வீட்டில் கிடக்கிறது. எஞ்சின் சத்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு புகைக்குழாய். மிச்சம் செயின் மூடியின் அதிர்வு, சட்டம், ஓட்டுகிறவன் கியரை எப்போது இறக்குகிறான் என்பது. அம்மாவின் சத்தம் எந்தச் சாமானிலும் இல்லை. அது அத்தனையும் சேர்ந்து, அப்பாவின் இடது காலும் சேர்ந்து, முனையில் திரும்பும்போது உண்டானது. அந்தக் கால் 2021-லேயே போய்விட்டது. நான் வாரக் கடைசியில் அதே எஞ்சினை ஓட்டி வந்தபோதெல்லாம் அம்மா அடுப்பைப் பற்ற வைத்ததில்லை. நான் இதைக் கவனித்ததே இல்லை.

அப்படியானால் நான் எதையும் கெடுக்கவில்லை என்று வாதாடலாம். இல்லாததை எப்படிக் கெடுப்பது? ஒரு வாரம் இந்த வாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு அது எனக்கே கசந்தது. 'அதே மோட்டாரா' என்று நான் இவ்வளவு தூரம் கேட்டுக்கொண்டிருந்ததே, வேறு ஒரு கேள்வி வந்துவிடக் கூடாது என்பதற்குத்தான். அம்மா ஊரில் இல்லாத மூன்று நாளை ஏன் தேர்ந்தெடுத்தேன்? கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பார். எனக்குத் தெரியும். பலகை மாறிய கப்பலை அதே கப்பல் என்று ஏதென்ஸ்காரர்கள் சொன்னால், அது அவர்கள் எல்லாரும் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர். ஒருத்தன் ராத்திரியோடு ராத்திரியாகப் பலகைகளை மாற்றிவிட்டு, காலையில் எல்லாரையும் எழுப்பி இது அதே கப்பல்தான் என்று பாடம் எடுத்தால் அவனை என்ன சொல்வது? அப்பா மாற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் அந்த டின்னில் ரசீது இருக்கிறது, ஏனென்றால் மாதச் சம்பளத்தில் அந்தக் காசை ஒதுக்கியது அம்மா. பிளாக் மாற்றிய மாதம் என்ன செலவைக் குறைத்தார்கள் என்பது வரை அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

ஒருநாள் சாப்பிடும்போது அம்மாவே கேட்டார்: "ரெண்டையும் வச்சிக்க முடியாதா? எண்ணெயும் இருக்கட்டும், கரண்டும் இருக்கட்டும்."

அம்மா கேட்டது ஹைப்ரிட். நானும் ஆரம்பத்தில் யோசித்து ஒதுக்கியதுதான். எஞ்சின் பின்சக்கரத்தை ஓட்ட, முன்சக்கரத்தில் மின்மோட்டார். காப்சாயின் மெலிந்த முன் ஃபோர்க் இழுவை வேலைக்குச் செய்யப்பட்டதில்லை, எடை கூடும், பேட்டரி வைக்க இடமே கிடைக்காது. காகிதத்தில் மோசமான இயந்திரம். அதையெல்லாம் சொன்னேன். "நீ படிச்சவன்" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

தோட்டத்துக்காரரிடம் பேசினேன். வேண்டுமானால் எஞ்சினைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம், ஆனால் வேறு ஒன்று கிடைக்கும்வரை பொறு என்றார். குலை ஏற்றாவிட்டால் அவருக்கு அன்றையக் கூலி இல்லை. எடுத்தால் அது இன்னொரு ஆளிடமிருந்து கழற்றுவதாகும். இதையும் நான் கொடுக்கும்போது யோசிக்கவில்லை.

அனுமதி கேட்க ஜேபிஜேக்கு ஒரு கடிதம் தட்டச்சு செய்தேன். உரிமையாளர் பெயர் எழுத கிராண்டை எடுத்துப் பார்த்தபோதுதான் கை நின்றது. அப்பா போன பிறகு பெயர் மாற்றத்துக்கு அம்மாவை கவுண்டருக்கு அழைத்துப் போனவனே நான்தான், பெருவிரல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். மோட்டார் அம்மாவுடையது. மூன்று வருடமாக அம்மாவுடையது.

கடிதத்தை அம்மாவிடம் கொடுத்து, கையெழுத்துப் போட வேண்டாம் என்று தோன்றினால் போட வேண்டாம், எஞ்சினைத் திரும்ப மாட்டித் தருகிறேன், கொஞ்ச நாள் ஆகும் என்று சொன்னேன். வாங்கி குளிர்சாதனப் பெட்டியின் மேல், சாமி காலண்டருக்குக் கீழே வைத்தார். அது இரண்டு மாதமாக அங்கேயே இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை நான் பினாங்குக்குக் கிளம்பும்போது அம்மா அதன் மேலிருந்த தூசியைத் துணியால் தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஒருவாட்டி சார்ஜ் போட்டா பில்லு எவ்ளோடா ஏறும்?"